பொன்முடியில் ஒரு தனிப் பாணி

பொன்முடிக்கு எதற்குப் போகிறோம்? ஸ்கிராப் புக்கில் ஒட்டத்தான். என் அத்தை மகள் இதில் கைதேர்ந்தவள். தனக்கென்று ஒரு பாணி வேண்டுமே என்று ஆன்லைனில் கிட் ஒன்றை வரவழைத்தாள். அதே கிட்டை அவளுடைய ஐந்து தோழிகளும் வரவழைத்தார்கள். தனித்துவம் இப்படித்தான் பரவ வேண்டும்.

கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு ஸ்டிக்கர். ஒன்பதாவதில் பையன் வாந்தியெடுத்தான். அதற்குத்தான் கிட்டில் ஸ்டிக்கர் இல்லை. உச்சியில் மூடுபனி, நீட்டிய கை தெரியவில்லை. கவலை எதற்கு? சூரியோதயப் பக்கத்தை வீட்டிலேயே ஒட்டி முடித்தாயிற்று.

அவள் பாட்டிக்குப் பாணி கீணி எதுவும் தெரியாது, பாவம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்தெடுத்து, மணியம் படங்களோடு கோணி ஊசியால் தைத்து வைத்தார். அவ்வளவுதான். தாளெல்லாம் பழுப்பேறி, ஓரம் பொடிந்து கிடந்தது.

"விண்டேஜ் லுக்!" என்று பேத்தி கத்தரிக்கோலை எடுத்தாள். வந்தியத்தேவன் இப்போது மூடுபனிப் பக்கத்தில், குதிரை டீக்கடை பில்லுக்கு அடியில்.

ஐந்து தோழிகளும் பாட்டி தேடி அலைகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணைப் பூட்டி வையுங்கள்.