வெள்ளானூரில் வேலிகாத்தான் வெட்டு

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வாங்கிப்போட்ட மனையை இரண்டு மழைக்காலம் எட்டிப் பார்க்காமல் விட்டால் போதும், வேலிகாத்தான் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும். சீமைக் கருவேலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அமெரிக்கக் கண்டத்து மரம். வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று நாமே பரப்பினோம். 2022-ல் தமிழ்நாடு அரசு இத்தகைய அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது அதை வெட்டுகிற ஆட்கள் விடியுமுன்பே வந்துவிடுவார்கள். அருவாள், கோடாலி, கடப்பாரை. காலில் டயர் செருப்பு. முள் அதைத் துளைக்காது. புதரில் கை வைக்குமுன் நீளக் கழியால் தட்டுவார்கள், கண்ணாடி விரியன் இருந்தால் விலகிப் போகட்டும் என்று. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருப்பார். அருவாள் வீசும் பக்கம் எவரையும் நிற்க விடமாட்டார். வேடிக்கை பார்க்கும் நாங்கள் நெருங்கினால், “அந்தாண்ட போங்கடா!” என்று அதட்டுவார். புதிதாக வந்த பையனுக்கு வெட்டிய முள்ளை இழுத்துப் போடும் வேலைதான். அருவாள் அவன் கைக்கு வர நாளாகும்.

பிறகு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தது, வயல்கள் மனைகளாயின. இப்போது பெரிய இடத்துக்கு ஜேசிபி வருகிறது. அது நல்லதுதான். மேலே மட்டும் வெட்டினால் வேலிகாத்தான் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். ஒற்றை மனை, சுவர் ஓரம் என்றால் பிரஷ் கட்டரும் செயின்சாவும். மிஷினை நான் குறை சொல்லமாட்டேன். நாளெல்லாம் குனிந்து வெட்டியவர்கள் மாலையில் நிமிர முடியாமல் நின்றதைப் பார்த்தவன். மிஷினோடு வந்திருக்க வேண்டியவை வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பிரஷ் கட்டர் ஓட்டும் பையன் ஹவாய் செருப்போடு நிற்கிறான். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. புல் சிக்குகிறது என்று பிளேடின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறான். அருவாள் எட்டும் தூரம் கண்ணுக்குத் தெரியும். இந்த பிளேடில் பட்ட கல் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சுற்றிலும் 15 மீட்டருக்கு ஆள் நடமாட்டம் கூடாது என்கிறார்கள். நம் மனைகளில் பக்கத்து வீட்டு வாசலே அதற்குள் வந்துவிடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்லையும் பாட்டிலையும் முதலில் பொறுக்க வேண்டும். வட்ட பிளேடின் முன்பக்க வலது ஓரம் தடித்த தண்டில் இடித்தால் மிஷின் ஆளையே தள்ளும். செயின்சாவின் நுனி மேல்பக்கம் மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும். அதைத் தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே கூடாது.

இவற்றையும்விட எனக்குப் பயம் கிரைண்டர். டைல்ஸ் வெட்டும் 4 அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிக் கிளை அறுக்கிறார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும் சாமான் அது. பல் மரத்தில் மாட்டிக்கொண்டால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. போதாததற்கு ஈரப் புல்லில் கிடக்கும் கரண்ட் ஒயர்.

ஓட்டுகிற பையனைத் திட்டிப் பயனில்லை. கிரவுண்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவது நாம். சீக்கிரம் முடித்து அடுத்த மனைக்கு ஓடினால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். கல் பொறுக்கவும், என்ஜின் ஆறிய பிறகு பெட்ரோல் ஊற்றவும் அந்த ரேட்டில் நேரம் கிடையாது.

மனை வைத்திருப்பவர்களே, நாள் கூலியாகப் பேசுங்கள். முகத்தை மறைக்கும் கவசம், காது அடைப்பான், கையுறை, கெட்டியான பூட்ஸ் இவற்றை நீங்களே வாங்கி வையுங்கள். அடுத்த முறை வெட்டும்போதும் உதவும். அவற்றைப் போட்டுக்கொள்ளாமல் யாரையும் உங்கள் மனையில் மிஷினை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள்.