மூன்று லைஃப், ஒரே டிவி
(வாசகர் கேள்வி – பதில்)

தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர் கேம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னோம், ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி வாசகர்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: 1992-லேயே தன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததாக என் மச்சான் சாதிக்கிறார். நான் பார்த்தது ஒரு டிவியும் ஒரு மிக்ஸியும்தான். யார் சொல்வது சரி?
– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: மச்சான் டிவியில் மாட்டி ஆடிய லிட்டில் மாஸ்டர், மீடியா மாதிரி ஒரு பெட்டியைச் சொல்கிறார் போலிருக்கிறது. ஜப்பானில் நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த பெட்டிகள் அவை. உள்ளே 8 பிட் பிராசஸர் இருந்ததால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். இந்த ஜாதியில் கீபோர்டு வைத்த பெட்டிகளும் உண்டு, 'படிக்கத்தான்பா' என்று அப்பாவிடம் காட்டுவதற்கு.

இங்கிலாந்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். கேம், பாட்டு கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, கிறீச்சென்ற சத்தத்தைச் சில நிமிஷம் பொறுத்துக்கொண்டால்தான் ஆட்டம். நம் பக்கம் நிஜமான பிசி என்பது, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய்ப் பார்க்கும் வஸ்து. சென்னை ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் எண்பதுகளில் விற்ற சிவா பிசி சுமார் 33,000 ரூபாய், அதுவே மலிவு விலை என்று பெயரெடுத்தது. மச்சான் அதைத்தான் சொல்கிறார் என்றால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: '9999 இன் 1' என்று போட்டிருந்த கேசட்டில் நான் எண்ணியவரை பத்துப் பதினைந்து கேம்தான் இருந்தது. மீதி எங்கே?
– ஏமாந்த அண்ணன், எளாவூர்

பதில்: மீதி, அட்டையில். மரியோவை முதல் ஸ்டேஜில் ஆரம்பித்தால் ஒரு கேம், மூன்றாவதில் ஆரம்பித்தால் இன்னொரு கேம், சட்டையின் நிறம் மாறினால் வேறொரு கேம் என்பது அவர்கள் கணக்கு. இதே கணக்கில் பார்த்தால் உங்கள் வீட்டில் காலையில் சுட்ட இட்லியும் மாலையில் உதிர்த்த இட்லியும் இரண்டு டிபன்.

கேள்வி: கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் கேம் ஓடியதே, அதன் ரகசியம் என்ன?
– மருத்துவ மாணவி, கும்மிடிப்பூண்டி

பதில்: ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மாட்டியதால் ஓடியது. மறுபடி செருகும்போது பின்கள் கொஞ்சம் நகர்ந்து சரியாக ஒட்டிக்கொள்ளும். ஊதலில் போன எச்சில் ஈரம் உலோகத்தை மெல்ல அரிக்கத்தான் செய்தது. ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொன்னது. மருந்தின் பெருமையைத் திருநீறு வாங்கிக்கொண்ட கதை, உங்கள் துறையில் நிறையப் பார்ப்பீர்கள்.

கேள்வி: பரணிலிருந்த வாத்துச் சுடும் துப்பாக்கியைப் புது எல்இடி டிவியில் மாட்டினேன். ஒரு வாத்தும் விழவில்லை. எனக்குக் குறி தவறிவிட்டதா?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், ஆரம்பாக்கம்

பதில்: குறி சரி ஐயா, டிவிதான் தாமதம். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். பழைய டப்பா டிவி படத்தை உடனுக்குடன் காட்டியது. எல்இடி டிவி வாங்கி, யோசித்து, அழகுபடுத்திக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. டியூப்லைட்டைக் குறிவைத்து ஏமாற்றவும் முடியாது. கறுத்த கணத்தில் வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சூடு செல்லாது.

கேள்வி: 'டேஞ்சரஸ் டேவ்' எழுதியவர் அப்புறம் என்ன ஆனார்?
– ஐடிஐ மாணவர், கும்மிடிப்பூண்டி

பதில்: உலகப் புகழ் பெற்றார். ஜான் ரொமேரோ 1988-ல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக எழுதிய கேம் அது. 1990-ல் பிசியின் டாஸுக்கு வந்தது. அதே வருஷம் அவருடைய சகாக்கள் ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும், 'சூப்பர் மரியோ 3'-ன் முதல் ஸ்டேஜை அப்படியே பிசியில் செய்து, மரியோ நின்ற இடத்தில் டேவை நிறுத்தினார்கள். அதற்கு 'காப்பிரைட் மீறலில் டேஞ்சரஸ் டேவ்' என்று அவர்களே பெயரும் வைத்தார்கள்! அந்த ஒரு ராத்திரிக் குறும்பு 'கமாண்டர் கீன்' என்ற கேம் ஆகி, இட் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி ஆகி, 1993 டிசம்பரில் 'டூம்' ஆனது. நம் ஊரில் டேவை ஃப்ளாப்பியில் காப்பி அடித்தவர்கள் பரம்பரை வழக்கத்தைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லலாம்.

கேள்வி: அந்தக் காலத்து கேம் எல்லாம் ஏன் அத்தனை கஷ்டம்? "கஷ்டப்பட்டு ஆடினோம், அதனால்தான் பொறுமை வந்தது" என்று அப்பா தினமும் பாடம் எடுக்கிறார்.
– பிளஸ் டூ மாணவி, ஆரம்பாக்கம்

பதில்: அப்பா கோபிக்கக் கூடாது. அந்தக் கஷ்டத்துக்குக் காரணம் பொறுமை வளர்க்கும் நோக்கம் அல்ல, இடப் பஞ்சம். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ' முழுவதும் 40 கிலோபைட். உங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் காலையில் வரும் ரோஜாப்பூ அதைவிடப் பெரியது. வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. உற்றுப் பாருங்கள்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' செய்த ஜோர்டான் மெக்னர், தம்பியை வெள்ளை உடையில் ஓடவிட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்து இளவரசனின் நடையை வரைந்தார். அந்த அசைவுகளே மெமரியைத் தின்றுவிட்டன. எதிரிக்கு இடமில்லை. இளவரசனின் உருவத்தையே பிட் கணக்கில் மாற்றிப் போட்டு, நிழல் மனிதன் என்ற வில்லனை உண்டாக்கினார். 1989-ல் வந்த அந்த கேமில் இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிஷம்தான். ஆரம்பாக்கத்தில் லோக்கல் ஏறினால் அந்த நேரத்தில் சென்ட்ரல் வந்து சேராது.

இருப்பதோ கொஞ்சம் ஸ்டேஜ். சுலபமாக விட்டால் அரை மணியில் முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே ஆடுபவனை அடிக்கடி சாகடித்தார்கள். செய்தவர்களுக்கே அது தாங்கவில்லை. கோனாமியில் 'கிரேடியஸ்' கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, தன்னால் ஆடிச் சோதிக்க முடியவில்லை என்று 1986-ல் வைத்ததுதான் 'மேல் மேல் கீழ் கீழ்' ரகசியச் சாவி. பிறகு 'கான்ட்ரா'வில் அதை அடித்தால் 30 லைஃப். அப்பாவுக்கு அது தெரியுமா என்று கேளுங்கள். தெரியும் என்றால் பொறுமைப் பாடம் அன்றோடு ரத்து.

கேள்வி: 'ஹாப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் அடித்தால்தான் கம்ப்யூட்டர் நகரும் என்று ஒரு காலம் இருந்ததாமே?
– வாசகி, எளாவூர்

பதில்: நிஜம்தான். 1990-ல் இந்தியாவில் பிடிபட்ட வைரஸ் அது. ஃப்ளாப்பி வழியாகப் பரவும். ஜனவரி 5 அன்று திரையை நிறுத்திக்கொண்டு, வாழ்த்தை டைப் செய்யும்வரை அசையாது. ஃபைலை அழிக்கவில்லை, பணம் கேட்கவில்லை, வாழ்த்து மட்டும் கேட்டது. இன்றைய வைரஸ்களோடு ஒப்பிட்டால் அது குடும்பத்துப் பிள்ளை. ஓசி கேமுக்காக ஃப்ளாப்பி மாற்றிக்கொண்ட ஒவ்வொருவரும் ஜோஷிக்கு ஊர் ஊராக அழைப்பிதழ் கொண்டுபோனவர்களே.

கேள்வி: ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. 2015-லேயே அங்கே ஃபாக்ஸ்கான் செல்போன் செய்ய ஆரம்பித்துவிட்டது. எந்த கேமும் போனிலேயே கிடைக்கிறபோது, வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கும் பழைய ஃப்ளாப்பிகளைக் காயலான் கடைக்குப் போடலாமா?
– இல்லத்தரசி, ஆரம்பாக்கம்

பதில்: கேம் இருக்கும் ஃப்ளாப்பிகளை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சுமார் 2,400 டாஸ் கேம்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 ஜனவரியில் பிரவுசரிலேயே ஆடும்படி வைத்துவிட்டது. ஆனால் அந்த டப்பாவில் உங்கள் வீட்டு ஆட்கள் எழுதிய பேசிக் புரோகிராம், தேர்வுக்குச் செய்த கணக்கு, யாரோ போட்ட கோணல் ஓவியம் இருக்கலாம். அதற்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. மெக்னரே தன் 'பிரின்ஸ்' சோர்ஸ் கோடைத் தொலைத்துவிட்டு, 2012-ல் அவருடைய அப்பா பழைய பெட்டியிலிருந்து ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்துக் கொடுத்த பிறகுதான் மீட்டார். ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போகும். மூன்றரை இஞ்ச் ஃப்ளாப்பியைப் படிக்கும் யுஎஸ்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. முதலில் காப்பி எடுங்கள் அம்மா, அப்புறம் காயலான் கடைக்குப் போடுங்கள்.