இடது காலுக்குக் கிடைத்த சீட்டு

அப்போதெல்லாம் எங்கள் பெங்களூர்க் கல்லூரியில் பி.காம். சேர மார்க் ஷீட் ஒரு வழி, இடது கால் இன்னொரு வழி. இரண்டாவது வழியில் நுழைந்தவர்களின் கூட்டத்துக்குத்தான் கால்பந்து அணி என்று பெயர். ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் என்று தண்டுப் (கன்டோன்மென்ட்) பக்கத்துத் தமிழ்ப் பையன்களே பாதிக்கு மேல். அக்கவுண்டன்சி வகுப்பு எந்த மாடியில் என்று கேட்டால் எங்கள் சென்டர் ஃபார்வர்டு யோசித்துத்தான் சொல்வான். அட்டெண்டன்ஸ் மட்டும் குறையாது, அது பி.டி. மாஸ்டரின் பொறுப்பு.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஊரின் ஆட்டம் கல்லூரியில் பிறந்ததல்ல. வெள்ளைக்கார ரெஜிமென்ட்டுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்த ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலில் தூக்கிய இந்திய அணி, 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு வருஷமும் விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்த அணி இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றது. (பெனால்டி விஷயத்தில் எங்கள் கல்லூரி அந்த மரபைக் கடைசிவரை காப்பாற்றியது.) 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்து அடித்தது; நாம் அடித்த ஒன்று, நம்ம ஊர் அகமது கானுடையது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

சட்டம் வந்தது, பூட்ஸ் வரவில்லை. கல்லூரியில் இருந்தவை ஒரு கோணிப்பைக்குள் கிடக்கும்; முதலில் கை விட்டவனுக்கு ஜோடி, கடைசியில் வந்தவனுக்கு இரண்டும் இடது. தோலில் ஆணி அடித்த ஸ்டட். இடைவேளை வருவதற்குள் ஆணி உள்ளே ஏறிக் குதிகாலைப் பதம் பார்க்கும். சிகரெட் அட்டையை மடித்து உள்ளே திணித்துக்கொண்டு இரண்டாம் பாதி ஆடுவோம். நொண்டிக்கொண்டே ஓடுபவனைப் பார்த்து, டாட்ஜ் பண்ணுகிறான் என்று எதிரணி ஏமாந்ததும் உண்டு.

அசோக் நகர் ஸ்டேடியத்தில் எங்கள் ஆட்டத்துக்கு வந்தவர்களில் ரசிகர்களைவிட முக்கியமானவர்கள் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்த சில பெரியவர்கள். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். தொழிற்சாலை அணிகளுக்கு ஆள் பார்க்க வந்தவர்கள். அவர்கள் கண்ணில் பட்டால் வேலை, காலனியில் வீடு, கான்டீன் சாப்பாடு. இரண்டாம் வருஷமே ஆர்டர் வாங்கிப் போனவர்கள் பரீட்சைப் பக்கம் திரும்பவில்லை. பட்டம் வாங்காமலே பென்ஷன் வாங்கியவர்கள் இன்றும் என் தெருவில் இருக்கிறார்கள்.

இப்போது அதே கல்லூரிக்குப் பெயர் அச்சிட்ட ஜெர்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், ஆட்டத்தை ட்ரோனில் படம் பிடிக்கிறார்கள். பிராக்டீஸுக்கு ஆள் சேர்ப்பதுதான் பாடு, சனிக்கிழமை இன்டர்னல்ஸாம். அன்று பந்து உதைத்தால் வேலை கிடைத்தது. இன்று நல்ல வேலை இருந்தால்தான் பந்து உதைக்கக் கட்டுப்படியாகிறது. வீட்டுப் பக்கத்து டர்ஃபில் மணிக்கணக்கில் வாடகை. போனில் ஸ்லாட் பிடித்து, பணத்தையும் போனிலேயே கட்டிவிட்டு வருகிறார்கள்.

போன வாரம் அங்கே வலைக்கு வெளியே நின்றிருந்தேன். கிளிப்பச்சை பூட்ஸ் போட்ட பொடியன் ஒருவன் தண்ணீர் குடிக்க வந்தான். கூட வந்த அவன் அப்பாவுக்கு ஐ.டி. கம்பெனி.

“அங்கிள், நீங்க எந்த அகாடமி?”

“அகாடமி எல்லாம் இல்லப்பா. காலேஜ் டீம். ஆட்டத்துக்குத்தான் சீட்டே கொடுத்தாங்க.”

“ஸ்போர்ட்ஸ் கோட்டாவா? அப்போ மார்க் கம்மியா?”

“டேய்!” என்று அப்பா அதட்டினார். எதற்கு அதட்ட வேண்டும்? எங்கள் ஃபார்வர்டுகளில் பாதிப் பேர் இவ்வளவு நேராக அடித்ததில்லை.