ஆயிரம் பக்கமும் ஒரு பாயிரமும்

மூத்த மருமகள் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். தகவல் வந்து சேர்ந்த இடம் கிண்டி மெட்ரோ ஸ்டேஷன்.

இதை எழுதுகிற ஆசாமி நந்தனத்தில் ரயில் ஏறியபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள். புத்தகக் கண்காட்சியில் 890 ரூபாய் நாவலைப் பத்து சதவீதக் கழிவு போக 801 கொடுத்து வாங்கியவர், வீடு போகும்வரை பொறுக்காமல் ரயிலிலேயே பிரித்தார். சைதாப்பேட்டை வருவதற்குள் குடும்பம் அறிமுகமாகிவிட்டது. சின்னமலையில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு. கிண்டியில் கதவு திறந்தபோது மருமகள் கிணற்றுக்குள். இத்தனைக்கும் நாவலாசிரியர் இன்னும் வாயே திறக்கவில்லை. கொன்றவர் முன்னுரை எழுதிய பேராசிரியர். அந்தச் சாவு 412ஆம் பக்கத்தில் வருவதாகவும் குறித்திருந்தார். எதைச் செய்தாலும் மேற்கோள் காட்டிச் செய்வது கல்லூரியில் வந்த பழக்கமாக இருக்கும்.

இன்றைய நாவல்களைப் பற்றி ஆசாமிக்கு மூன்று குறைகள் உண்டு. மூன்றாவதுதான் முக்கியமானது. முதல் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிட்டு அதற்கு வந்துவிடுவதாக உத்தேசம்.

முதல் குறை, பருமன். சாகித்திய அகாதெமி விருது 2011இல் ‘காவல் கோட்ட’த்துக்கு, 2013இல் ‘கொற்கை’க்கு, 2014இல் ‘அஞ்ஞாடி’க்கு. மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. மூன்றும் நல்ல நாவல்கள் என்பதுதான் சங்கடம். மோசமாக இருந்தால் பாதியில் விட்டதற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். ஜி. நாகராஜன் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு ‘நாளை மற்றுமொரு நாளே’ எழுதினார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவே முடிந்துவிடும். ஆசாமி மல்லாந்து படுத்துப் படிக்கிறவர். கண் அசந்த நேரத்தில் ‘அஞ்ஞாடி’ மூக்கில் விழுந்ததிலிருந்து தடித்த நாவல்களை உட்கார்ந்தே படிக்கிறார். உட்கார்ந்தால் அவருக்குப் படிக்க வராது.

இரண்டாவது குறை, முன்னுரை. 801 ரூபாய் நாவலில் பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை, நன்றி என்று 31 பக்கம் ஓடிய பிறகுதான் கதையின் முதல் வாக்கியம். இலை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் முதல் பந்தியில் சாப்பிட்டவர் வந்து பாயசம் எப்படி இருந்தது என்று விவரிக்கிற மாதிரி. அதுவும் ஒருவர் இல்லை, நான்கு பேர்.

இதற்கெல்லாம் மூலகாரணம் பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலின் தொடக்கத்தில் பாயிரத்துக்கு எட்டுப் பெயர் அடுக்கினார். அதோடு விட்டாரா? ஆயிரம் விதமாக விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லை என்று தீர்ப்பும் எழுதிவைத்தார். ஆயிரம் பக்க நாவல்கள் வரப்போவது மனிதருக்கு எப்படித் தெரிந்ததோ!

யார் எழுதலாம் என்றும் விதி உண்டு: நூலாசிரியரின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். இன்றைக்கும் அதே நால்வர்தான். ஆசிரியர் என்றால் மூத்த எழுத்தாளர். வாரம் ஒரு கையெழுத்துப் பிரதி அவர் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கும். கூடப் படித்தவர் என்றால் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர். மாணவர் கிடைப்பது சிரமம், அவரும் நாவல் எழுதிவிட்டு முன்னுரைக்கு அலைந்துகொண்டிருப்பார். மிச்சம் உரைகாரர். கிண்டிக் கொலைகாரர் இந்த வகை.

நூலாசிரியர் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது, அதனால்தான் அடுத்தவர் பாயிரம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் நான்கு விதிவிலக்குகள் தந்திருக்கிறார் பவணந்தி. அதில் ஒன்று, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது புகழ்ந்துகொள்ளலாம். இது ஒன்று போதும். தமிழில் எழுதுகிற அத்தனை பேரும் தாங்கள் அங்கேதான் இருப்பதாக நம்புகிறார்கள்.

பிறகு அந்த மொழி. ‘அசலான’, ‘காத்திரமான’, ‘விளிம்புநிலை’. எல்லா நாவலிலும் எதுவோ எதனோடோ ‘ஊடுபாவாக’ ஓடும். தறிக்காரர்கள்கூட இத்தனை முறை சொல்லியிருக்க மாட்டார்கள். ‘எளிய மனிதர்களின் வாழ்வு’ என்பார்கள். உள்ளே போனால் அந்த எளிய மனிதர்கள் நான்கு தலைமுறையாக ஐகோர்ட்டில் சொத்து வழக்கு நடத்திக்கொண்டிருப்பார்கள்.

முன்னுரையே கூடாது என்பதில்லை. புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில், உலகத்துக்கு உபதேசம் செய்ய வரவில்லை என்று வாசகரை எச்சரித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். ஜெயகாந்தன் முன்னுரையிலேயே வாசகரோடு சண்டை பிடித்தார். அந்தச் சண்டைக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. இரண்டு பேரும் யாரையும் முன்கூட்டியே கிணற்றில் தள்ளவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் நாவலுக்கு ஆசாமியும் முன்னுரை எழுதினார். வகை: கூடப் படித்தவர். முதல் அறுபது பக்கத்தையும் கடைசி இருபதையும் படித்துவிட்டு எழுதியதால் அதில் தொடக்கமும் முடிவும் மட்டும் துல்லியமாக இருந்தன. ‘ஊடுபாவு’ இரண்டு முறை வந்தது. புத்தகம் வெளியான மாதம் கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார்.

“முடிவச் சொல்லிட்டீங்களே, சார்?”

“இலக்கியத்துல முடிவு முக்கியமில்ல, தம்பி.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப அத நீங்க சொல்லாமயே விட்ருக்கலாமே” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மூன்றாவது குறை மிச்சமிருக்கிறது. அதைச் சொல்வதற்கு ஆசாமி அந்த 801 ரூபாய் நாவலைப் படித்து முடித்தாக வேண்டும். இருபது பக்கம் தாண்டியிருக்கிறார். மூத்த மருமகள் இப்போதுதான் கல்யாணமாகி வந்திருக்கிறாள், கலகலப்பான பெண். அவள் குடத்தை எடுக்கும்போதெல்லாம் இவர் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்.

பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். பவணந்தியின் எட்டுப் பெயர்களில் ‘புறவுரை’ என்றும் ஒன்று உண்டு. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, கதையைச் சொல்லிவிடுகிற முன்னுரைகளைப் புத்தகத்தின் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அதுவரை, நந்தனத்தில் ரயில் ஏறுகிறவர்கள் 32ஆம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கவும்.