பாட்டுக்குழுவில் வெள்ளம் வரக் கூடாது

ரொறன்ரோக் கரோக்கேக் குழு ஒன்றின் அட்மின் அண்ணை செய்தது முழுக்க முழுக்க நியாயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கைக்குள் புகுந்ததில், கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மண் மலை மலையாய்ச் சரிந்தது. பின்னர் 600-ஐயும் தாண்டப்போகிற இறந்தோர் தொகை ஏறிக்கொண்டிருந்த நாட்களில், யாரோ ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் நிவாரண நிதிக்கான இணைப்பைப் போட்டுவிட்டார். எவ்வளவு துணிச்சல்! "பிள்ளை, இது பாட்டுக்குழு. இதுக்குள்ள பாட்டைப் பற்றி மட்டும் கதைப்பம். காசு விசயத்தைத் தனியாக் கதையுங்கோ" என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டு, அண்ணை இணைப்பை அழித்தார். உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

கொள்கை என்றால் இப்படி இருக்க வேண்டும். இந்தக் கொள்கைக்கு உட்பட்டுத்தான் அன்று காலை அதே குழுவில் ஏஜாக்ஸில் ஒரு வீடு விலைக்கு வந்தது: நாலு அறை, இரட்டைக் கராஜ், பேஸ்மென்டுக்குத் தனி வாசல். வீடு பாட்டுக்குள் அடங்கும். மோர்ட்கேஜ் வட்டி சுருதிக்குள் அடங்கும். சூப்பர் விசாக் காப்புறுதி தாளத்துக்குள் அடங்கும். அண்ணையின் பேத்தியின் அரங்கேற்றப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை சங்கீதமேதான். இத்தனையும் ஒன்றோடொன்று அழகாகச் சேர்ந்தன. மண்ணுக்குள் போன தோட்டத் தொழிலாளரின் லயம் மட்டும் சேரவில்லை.

ரொறன்ரோவில் இப்படிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுத்தோட்டக் குழு ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து உள்ளே எடுத்து வைத்த கறிவேப்பிலை இலை கொட்டுகிறது என்று ஒருவர் படம் போட்டால் போதும், ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் வைத்தியர்கள் ஓடி வருவார்கள். மோர் ஊற்று என்பார் ஒருவர், தொட்டியை மாற்று என்பார் இன்னொருவர், ஓர் அக்கா தொலைபேசியிலேயே கூப்பிட்டுத் துக்கம் விசாரிப்பார். தேயிலைச் செடியோடு ஒரு மலைச்சரிவே பெயர்ந்து வந்து அடிவாரத்துச் சனத்தை மூடியபோது அதே குழுவில் ஒரு சத்தமில்லை. தேயிலை ரொறன்ரோவில் வளராது. அதனால் அது தோட்டக்கலையில் சேராதோ என்னவோ.

"காசு சேர்த்தால் களவு நடக்கும்" என்கிறார்கள். இதை நான் கேலி செய்ய மாட்டேன். போர்க்காலத்தில் கதவைத் தட்டிக் காசு கேட்டவர்களைக் கண்ட சமூகம் இது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் அந்தத் தட்டல் எப்படி இருந்தது என்று 2006-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஓர் அறிக்கையே வெளியிட்டது. சந்தேகப்படச் சனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் சந்தேகம் வந்தவர் விசாரிப்பார். மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு பாரைகூட வாங்காத சனம், நிவாரணம் என்றவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு கடையைவிட்டே ஓடுவதுதான் புதினம்.

செவுளைத் தூக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கனடாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு தொண்டு நிறுவனத்தின் பெயரும் எண்ணும் வருவாய் முகமையின் பட்டியலில் இருக்கின்றன. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்த நிறுவனம் வரவு செலவைச் சமர்ப்பிக்க வேண்டும். அதை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அந்தப் பதிவு வெறும் சடங்கும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, தனிநபர்கள் தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு 2005 ஜனவரி 11 வரை கொடுத்த காசுக்கு ஒட்டாவா டாலருக்கு டாலர் சேர்த்துப் போட்டது. ஏஜாக்ஸ் வீட்டின் முந்தைய விற்பனை விலையை ஐந்து நிமிடத்தில் தோண்டி எடுக்கிற விரல்களுக்கு இந்தப் பட்டியல் மட்டும் எட்டுவதில்லை.

சரி, தடை போடாத குழுக்களிடம் போவோம் என்றால், தடை போட்ட அண்ணையைக் கோயில் கட்டிக் கும்பிடத் தோன்றும். அங்கே வெள்ளம் வந்தால் உடனே இசை இரவு வந்துவிடும். மண்டபம், எல்.ஈ.டி. திரை, மூன்று வகை இறைச்சியோடு சாப்பாடு, சென்னையிலிருந்து பாடகர், அவருக்கு விமானச் சீட்டு, பிரமுகர்களுக்குப் பொன்னாடை. மேடையில் ஒரு நிமிட மௌனம், அதற்குப் பிறகு நாலு மணி நேரம் குத்துப்பாட்டு. முடிவில் ஒரு ஆள் உயரக் காசோலையை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். செலவு போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல விசயத்துக்குள்ள ஏன் தம்பி பிரச்சினை கிளப்புறீர்?" என்பார்கள். வீடிழந்தவன் பெயரில் டிக்கெட் விற்று, அவனுடைய பங்கைப் பிரியாணியில் தின்றுவிட்டு, கணக்குக் கேட்டவனைக் குழப்பக்காரனாக்குகிற கெட்டித்தனம் இருக்கிறதே, அதற்கு வெட்கம் என்ற ஒன்று எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

இதில் நாம் தனித்துவமானவர்களும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை நீருக்குள் கிடந்தபோது, தொண்டர்கள் அனுப்பிய நிவாரணப் பொதிகளின் மேல் முதலமைச்சரின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாக ஊரே கொதித்தது. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து குவிந்த பழைய துணிகளில் பாதிக்கப்பட்டவர்கள் தொடாமல் விட்டவை ஏராளம். கூஞ்ச் அமைப்பு அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்து, பெண்களுக்கான மாதவிடாய்த் துணிகளாக்கியது. பெரியவர்களும் குறைந்தவர்கள் இல்லை: 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கு ஏறக்குறைய 50 கோடி டாலர் திரட்டிய அமெரிக்கச் செஞ்சிலுவை கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று 2015-இல் என்.பி.ஆரும் புரோபப்ளிகாவும் தோண்டி எடுத்தன. பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது, கொடுத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணை, இது உங்களுக்கு இன்னொரு சாக்கு இல்லை.

ஏனென்றால் இதே கனடாவில் பொழுதுபோக்குக்காரர்கள் ஒழுங்காகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். விக்டோரியா நகரத்து இளைஞர்கள் சிலர் 2007 முதல் 'டெசர்ட் பஸ்' என்ற வீடியோ கேமை ஆடிக் காசு சேர்க்கிறார்கள். டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்குப் பாலைவனத்தில் எட்டு மணி நேரம் பஸ் ஓட்ட வேண்டும். திருப்பம் இல்லை, எதிரே வண்டி இல்லை. உலகத்திலேயே அறுவையான விளையாட்டு. சேர்வது மருத்துவமனைப் பிள்ளைகளுக்குப் போகிறது. எவ்வளவு சேர்ந்தது என்ற தொகை எல்லோர் கண்ணிலும் படும்படி ஏறிக்கொண்டே இருக்கும். இது அனர்த்த நிவாரணம் இல்லைதான். ஆனால் பாட்டுக்குப் பாட்டும் கணக்குக்குக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று அந்த விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருகிற இடம் வேறு. ரொறன்ரோவில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நிறைய. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் இங்கே கூட்டம் கூடும், நல்லது. அவற்றில் சில மலையகத்துக்கும் கொடுத்தன, அதுவும் நல்லது. ஆனால் லயத்துக்கு இங்கே ஊர்ச் சங்கம் ஏது? 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்த லயத்துச் சனம். வந்து 200 வருடம் ஆகியும் பெரும்பாலானோருக்குப் படுக்கிற இடத்துக்கு ஓர் உறுதி இல்லை. கனடாவுக்கு விமானம் ஏற அவர்களில் எத்தனை பேரிடம் விற்பதற்குக் காணி இருந்தது? அவர்களுக்காகக் கேட்க இந்த ஊரில் மாமனும் இல்லை மச்சானும் இல்லை. இருப்பது இந்தக் கரோக்கேக் குழுவும் கறிவேப்பிலைக் குழுவும் 304 சீட்டு ஆடுகிற குழுவும்தான். அதனால்தான் அந்த இணைப்பு அங்கே வந்தது. ஊர் கேட்காமல் ஆள் சேர்கிற இடம் வேறு எதுவும் நம்மிடம் இல்லை. "தோட்டக்காட்டான்" என்று சொல்லிப் பழகிய வாய்கள், அந்தச் சொல்லைச் சொல்ல இப்போது கூச்சமாக இருப்பதால், "குழுவின் நோக்கம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கின்றன. சந்தேகமாயிருந்தால், இணைப்பை அழித்துவிட்டு அண்ணை ஊதிக் குடித்த பிளேன் ரீ எந்த மலையிலிருந்து வந்தது என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

விதியை ஒழிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். நிதி கேட்பவர் பதிவு எண்ணைப் போட வேண்டும். மூன்று மாதத்தில் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது, மண்டபத்துக்கு எவ்வளவு, பொன்னாடைக்கு எவ்வளவு என்று அதே குழுவில் எழுத வேண்டும். எழுதாதவருக்கு ஆறு மாதம் மைக் கிடையாது. கேட்டவரின் செய்தியை அழித்த அட்மினுக்கும் அதே தண்டனை. ஆறு மாதம் மைக் இல்லாமல் இருப்பதைவிட டிசம்பரில் 401 நெடுஞ்சாலையில் வெறுங்காலோடு நடப்பது மேல் என்று நினைப்பவர்கள் இவர்கள். அடுத்த வாரமே கணக்கு வந்துவிடும்.