ஆடிக் காத்தும் அரையடி றெக்கையும்

ஏன் தம்பி, காருக்கு றெக்கை வச்சிட்டியாமே? ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுக்க அதே பேச்சுதான். கறுப்புக் கலர்ல, அரையடி நீளத்துக்கு, டிக்கிக் கதவுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குதாம். பதுளை டவுனுக்குப் போயி நல்ல காசு குடுத்து மாட்டிட்டு வந்தியாம். என்னாத்துக்கு? கச்சான் காத்துல கார் ஆடுதாம். ஆடாம என்ன செய்யும்? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லி வச்சிருக்காங்க. ஒன் கார் என்ன அம்மியவிடக் கெட்டியா?

மொதல்ல காத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க. தென்மேற்குல இருந்து வர்ற இந்தக் கச்சான் பருவக்காத்து ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையெல்லாம் கொட்டித் தீத்துட்டு, மலையத் தாண்டி நம்ம ஊவாப் பக்கம் வெறுங்கையோட எறங்குது. காஞ்ச காத்து. மூர்க்கமான காத்து. அது பட்டுத்தான் கொழுந்து வாடி, ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் வருது. கொழும்பு ஏலத்துல அந்த மணத்துக்குத்தான் விலை. ஒங்க ஆத்தா கொழுந்து எடுத்து ஒன்னைப் படிக்க வச்சதும் இந்தக் காத்தோட தயவுலதான். இப்ப அந்தக் காத்து ஒனக்கு எதிரியாப் போச்சா?

காத்து நேத்துப் பொறந்ததில்ல. நமுனுகல மலையும் நேத்து மொளைச்சதில்ல. நேத்து வந்தது ஒன் கார் ஒண்ணுதான்.

அந்தக் காரோட லட்சணத்தையும் கேளு. ஜப்பான்ல சின்னக் காருக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர். அதுக்கு மேல ஒரு விரக்கடை போகப்படாது. எஞ்சின் 660 சிசி. ஆனா உசரம் மட்டும் 2 மீட்டர் வரைக்கும் போகலாம். அப்ப கம்பனிக்காரன் என்ன செய்வான்? அகலத்துல எடம் இல்லன்னு மேல கட்டுனான். ஒன் சுசுகி வேகன் ஆர் அப்பிடி வந்ததுதான். தீப்பெட்டிய நிமித்தி வச்ச மாதிரி இருக்கும். கனமோ 800 கிலோ சுமார். குடும்பத்தோட உள்ள ஏறுனா தலை இடிக்காது, தொப்பியே போட்டுக்கிட்டு ஓட்டலாம். எல்லாம் சரி. காத்துக்கு அது தலையா தொப்பியான்னு தெரியுமா? அகலமான செவுரு கெடைச்சா தள்ளும், அவ்வளவுதான்.

எவ்வளவு தள்ளும்னு கேக்குறியா? ஒன் காரோட பக்கம் ஒரு அஞ்சு சதுர மீட்டர்னு வச்சுக்க. மணிக்கு 60 கிலோமீட்டர்ல காத்து பக்கவாட்டுல அடிச்சா, கிட்டத்தட்ட 70 கிலோ பலத்துல தள்ளும். 30ல அடிச்சா பாதிதானேன்னு நெனைக்காத. கால்வாசிதான். காத்து ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்கு. இது போதாதுன்னு, நீ ஓடுற வேகமும் அந்தக் கணக்குல சேரும். காத்தைக் கொறைக்க ஒன்னால முடியுமா? முடியாது. ஒன் வேகத்தைக் கொறைக்க முடியுமா? முடியும். ஆனா அதுக்குக் காசு செலவில்ல பாரு, அதனால ஒனக்கு அது வைத்தியமாவே தெரியல.

றெக்கை என்ன செய்யுதுன்னு சொல்லவா? பந்தயக் காருல அது காரை ரோட்டோட அமுக்கும். அதுக்கு மணிக்கு நூறைத் தாண்டி ஓடணும். ஸ்பிரிங்வெளி ரோட்டுல, கொண்டை ஊசி வளைவுல, எதுத்தாப்ல பஸ் வருதான்னு ஹோன் அடிச்சுக்கிட்டே முப்பதுல ஏறுற காருக்கு அது எதை அமுக்கும்? காக்கா குந்துனா காக்காய அமுக்கும்.

பெரிய எடத்துலயும் இந்தக் கவலை இருக்கு, இல்லன்னு சொல்லல. பென்ஸ்காரன் 2013ல ஸ்பிரிண்டர் வேனுக்கு ஒரு ஏற்பாடு செஞ்சான். பக்கக் காத்து அடிச்சா வண்டி தானே கண்டுபிடிச்சு, காத்து வர்ற பக்கத்துச் சில்லுகளுக்கு லேசாப் பிரேக் குடுத்து நேராக்கிக்கும். கெட்டிக்கார வேலைதான். ஆனா அது 80 கிலோமீட்டருக்கு மேலதான் வேலை செய்யும். நம்ம ரோட்டுல எவன் 80ல போறான்? போனவன் திரும்பி வந்து காத்தைப் பத்திப் பேச மாட்டான்.

அடுத்து மண்மூட்டைக் கதைக்கு வருவம். லயத்துத் தகரம் பறக்காம இருக்க மேல கல்லும் பழைய டயரும் தூக்கி வைக்கிறோமே, அதைப் பாத்துட்டு நீயும் டிக்கியில மண்மூட்டை ஏத்திட்ட. "பழைய காலத்துல தொரைமாரு காருலயும் மண்மூட்டை வச்சாங்களே தாத்தா"ன்னு வேற எனக்கே பாடம் நடத்துற. கொழுந்து லொறி ஓட்டி வயித்தைக் கழுவுனவன்கிட்டயா? வச்சாங்கப்பா. எதுல வச்சாங்க? வொக்ஸ்வேகன் பீட்டில்ல. அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால, டிக்கி முன்னால. முன்பக்கம் லேசு, காத்தடிச்சா மூக்கு ஓடும். அதனால மூட்டைய முன்னால வச்சாங்க. ஒன் காருக்கு எஞ்சின் முன்னாலேயே இருக்கு. நீ டிக்கின்னு பேரைக் கேட்டதும் கொண்டுபோயிப் பின்னால ஏத்திட்ட.

அதுல என்ன தப்புன்னு கேளு. கார் ஓடும்போது பக்கக் காத்து தள்ளுற புள்ளி முன்பக்கமாத்தான் விழும். காரோட கனத்துக்கு நடு அதுக்குப் பின்னால இருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, அவ்வளவு லேசா காத்து ஒன் மூக்கைத் திருப்பிடும். பின்னால மூட்டை ஏத்த ஏத்த அந்தத் தூரம் கூடும். முன் டயரும் ரோட்டைப் பிடிக்காது. காசு குடுத்து மண்ணை வாங்கி, அதைச் சுமக்கப் பெற்றோலும் ஊத்தி, ஆட்டத்தைக் கூட்டிக்கிட்ட. இந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

கூரை மேல கெரியர் வேற. அதுல தண்ணித் தாங்கி, பிளாஸ்டிக் கதிரை, மாமியார் வீட்டுப் பாய். உசரம் போதாதுன்னா அதுக்கு மேல இன்னும் உசரம்? கழட்டு மொதல்ல.

சில பயலுக ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பணிய வைக்கிறானுக. பணிஞ்சா காத்து கொஞ்சம் கொறைவாத்தான் பிடிக்கும், அது நெசம். ஆனா தோட்டத்து ரோட்டுக் கல்லு ஒயில் சம்பைச் சும்மா விடுமா? காத்துக்குப் பயந்து கல்லுக்கு வாழ்க்கைப்பட்ட கதைதான்.

நெசமான வைத்தியம் வேணுமா? டயருக்குக் காத்து பாரு. ட்ரைவர் கதவைத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், எவ்வளவு அடிக்கணும்னு. அதைப் படிச்சிருக்கியா? காத்துக் கொறைஞ்ச டயரு பக்கவாட்டுல நெளியும். நீ ஸ்டியரிங்கைத் திருப்புனதுக்கு அப்புறம் யோசிச்சு நிதானமாத்தான் திரும்பும். அடுத்தது, முன்பக்கத்தை ஜக்குல தூக்கு. சில்லை ரெண்டு பக்கமும் குறுக்கப் பிடிச்சு ஆட்டிப் பாரு. 'டொக்கு டொக்கு'ன்னுச்சுன்னா டை ரொட் எண்ட் போச்சு. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டும்போது ஆடுனா பேரிங்கோ போல் ஜொயின்டோ. அதோட சொக் அப்சோபரையும் வீல் எலைன்மென்டையும் பாரு. வயசான காரு தானே, 2020ல இறக்குமதிய நிப்பாட்டி 2025லதான் தொறந்தாங்க, அது வரைக்கும் இருந்ததையே எல்லாரும் தேச்சோம். காத்து ஆட்டுதுன்னு நீ சொல்றதுல பாதி, தேஞ்ச சாமான் ஆடுறது.

மிச்சப் பாதி ஓட்டுற ஆளு. ஹப்புத்தளையில இருந்து பெரகலைக்கு எறங்கிப் பாத்திருக்கியா? ஒரு பக்கம் மண்மேடு இருக்குற வரைக்கும் காத்தே தெரியாது. மேடு முடிஞ்சு வாய் தொறக்குற எடத்துலதான் பளார்னு ஒண்ணு விழும். பெரிய லொறியைத் தாண்டும்போதும் அப்பிடித்தான். லொறி மறைப்புல சுகமாப் போவ, தாண்டினதும் தள்ளும். தெரியாத பய பதறி ஸ்டியரிங்கை ஒடிச்சு வளைப்பான். காத்து நின்னதும் அவன் வளைச்ச பக்கமே கார் பாயும். அந்தப் பக்கம் பள்ளம்னா? தெரிஞ்சவன் வாய் தொறக்குற எடத்துக்கு முன்னாலயே வேகத்தைக் கொறைப்பான், ரெண்டு கையாலயும் பிடிப்பான், லேசாத்தான் திருப்புவான். ஆட்டோக்காரப் பயலுக இதைக் கேட்டுப் படிச்சானுகளா? மூணு சில்லு வச்சுக்கிட்டு, காத்தடிச்சா மெதுவாப் போறான். அவனுக்கு றெக்கை விக்க வர்றவன் யாரு?

நம்ம பாட்டன் பூட்டன்ல பல பேரு ரயிலேறித் தாண்டி வந்த பாம்பன் பாலத்துல, 1914ல தொறந்த அந்தப் பழைய பாலத்துல, காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் விழாம ரயில் நின்ன காலம் உண்டு. அத்தனை டன் இரும்பு, காத்துக்கு மரியாதை குடுத்து ஓரமா நின்னுச்சு. அதுக்கு யாரும் வெக்கப்படல.

நீயும் காத்து ரொம்ப மூர்க்கமாத் தெரிஞ்சா நிப்பாட்டிட்டு ஒரு தேத்தண்ணி குடி. டர்பன்டைன் மரத்துக்குக் கீழ மட்டும் நிப்பாட்டாத தம்பி, கச்சான்ல கொப்பு முறிஞ்சு விழும்.