வெந்நீர்த் தொட்டிக் கோப்பு

பணி ஓய்வு பெற்றவர்களில் நிலம் வாங்குபவர், கோயில் கமிட்டியில் சேர்பவர், நாளிதழுக்குக் கடிதம் எழுதுபவர் ஆகியோர் பழைய வகையினர். வெந்நீர்த் தொட்டிக்காரர் புது வகை. நாலைந்து பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்காரும்படியும், பக்கவாட்டுத் துளைகளிலிருந்து நீர் பீய்ச்சி முதுகைப் பிடித்துவிடும்படியும் செய்த தொட்டி ஒன்றை வீட்டுக்கு வாங்கலாமா, வேண்டாமா என்று குறைந்தது ஓராண்டு யோசிப்பவரே இந்த வகை. வாங்கிவிட்டவரை இதில் சேர்ப்பதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தவரையும் சேர்ப்பதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் இவர் இலக்கியம்பட்டி, பாரதிபுரம் போன்ற, அரசு ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய பகுதிகளில் அதிகம் தென்படுவார். தலைமையாசிரியர், வட்டார வளர்ச்சி அலுவலகக் கண்காணிப்பாளர், மின்வாரியப் பொறியாளர் என்று முன்னாள் பதவி எதுவாகவும் இருக்கலாம். தமிழக அரசு ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கியது. 2021-ல் 60 ஆக்கியது. 58-லேயே சால்வைக்குத் தோள் கொடுக்கத் தயாராக இருந்தவருக்கு இப்படி இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அந்த இரண்டு ஆண்டில் மூட்டு தேய்ந்தது, யோசனை வளர்ந்தது.

யோசனையின் பிறப்பிடம் பெரும்பாலும் வெளியூர். மகன் பெங்களூரில் குடியிருக்கும் அடுக்குமாடியின் கிளப் ஹவுஸாகவோ, பேத்தி பிறந்த சமயம் ஆறு மாதம் தங்கிய அமெரிக்க மகள் வீட்டுக் கொல்லையாகவோ அது இருக்கும். வெளியே பனி கொட்ட, உள்ளே கழுத்தளவு வெந்நீரில் மருமகன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை அவர் மறப்பதில்லை. முதல் நாள் அவர் இறங்கவில்லை. வேட்டியோடு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் மருமகனின் அரைக்கால் சட்டையில் இறங்கினார். இருபது நிமிடம் கழித்து, முப்பது ஆண்டு பஸ் பயணத்தில் இறுகிய இடுப்பு இளகியது. ஊர் திரும்பும் விமானத்திலேயே கோப்பு திறக்கப்பட்டது.

கோப்பு என்பது உவமை அல்ல. வெந்நீர்த் தொட்டிக்காரரிடம் உண்மையாகவே ஒரு கோப்பு உண்டு. பழுப்பு அட்டை, வெள்ளை நாடா, மேலே பொருள், கீழே ந.க. எண். முதல் பக்கத்தில் தேவைக்கான காரணம்: மூட்டு வலி. அடுத்ததில் பார்வை ஒன்று, பார்வை இரண்டு. பிறகு மூன்று விலைப்புள்ளிகள், அவற்றுக்கு ஓர் ஒப்பீட்டுப் பட்டியல். மூன்றாவது விலைப்புள்ளி வந்து சேராததால் முதல் எட்டு மாதம் பட்டியல் நிலுவையில் கிடக்கும். முதல் இரண்டைக் கொடுத்த கடைக்காரர்கள் வாரம் ஒரு முறை போன் செய்து, பிறகு மாதம் ஒரு முறை செய்து, கடைசியில் தீபாவளிக்கு மட்டும் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

பணத்தால் இவர் தடுமாறுவதில்லை. பணிக்கொடை வந்திருக்கிறது. சேர்த்து வைத்த 240 நாள் ஈட்டிய விடுப்பும் ரொக்கமாகிவிட்டது. பழைய ஓய்வூதியத் திட்டத்துக்காரர் என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்தும் வாங்கியிருப்பார். இந்தத் தொகை வங்கியில் விழுந்த வாரமே உறவினர் நால்வர் அதற்கு நல்ல வழி சொல்ல வந்துவிடுவார்கள். ‘தொட்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே வாக்கியத்தால் நால்வரையும் வாசலோடு அனுப்ப முடியும். கோப்பு தந்த முதல் வருமானம் இது.

அடுத்தது வரலாற்று ஆராய்ச்சி. ஜக்கூஸி என்பது தொட்டியின் பெயர் என்று நினைத்திருந்தவர், அது ஒரு குடும்பத்தின் பெயர் என்று கண்டுபிடிக்கும் நாள் மறக்க முடியாதது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஏழு சகோதரர்கள் முதலில் விமான உந்துவிசிறி செய்தார்கள். 1920-களில் கிணற்றுத் தண்ணீரை மேலேற்றும் ஜெட் பம்புக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான கேண்டிடோவின் மகனுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம். மருத்துவமனையில் கொடுத்த நீர் சிகிச்சையை வீட்டுக் குளியல் தொட்டியிலேயே கொடுக்க, 1940-களின் இறுதியில் தந்தை ஒரு சிறு பம்பு செய்தார். குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ராய், 1968-ல் பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவில் அதே காலத்தில், ஒயின் ஊறிய பழைய மரத்தொட்டிகளில் வெந்நீர் நிரப்பி மனிதர்கள் ஊறிக்கொண்டிருந்தார்கள். நெல் ஊறப்போடும் ரைஸ்மில் தொட்டியைத் தெரிந்த ஊருக்கு இது விளங்காத செய்தியல்ல. ஆனால் நமது ஆராய்ச்சியாளருக்கு முக்கியமானது ஜெட் பம்புதான். ‘அட, நம்ம கெணத்து மோட்டாருங்க!’ என்று ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் அறிவிப்பார். ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார். அவர் சிரிக்க மாட்டார்.

தண்ணீர்தான் இந்த ஆராய்ச்சியின் கடினமான அத்தியாயம். தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையும், நாளாவட்டத்தில் எலும்பில் இறுக்கமும் வரும் என்பதும் மாவட்டம் அறிந்தவை. ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் வீட்டுக் குழாயில் வருகிறது. குடத்துக்கும் சமையலுக்கும் வருவதை ஆயிரம் லிட்டர் தொட்டியில் கொட்டி அதில் உட்கார மனசாட்சியுள்ள எவராலும் முடியாது. இவருக்கும் முடியாது. ஆனால் ஜப்பான்காரர்கள் தினமும் இரவில் கழுத்தளவு வெந்நீரில் உட்காரும் பழக்கமுள்ளவர்கள், எனவே கடன் கொடுத்தவர்களே ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று கோப்பில் ஒரு குறிப்பு உண்டு. குறிப்புக்கு எதிரே, பேனாவை மாற்றி, ‘ஏற்பதற்கில்லை’ என்று அவரே எழுதியிருப்பார்.

மீதி வழி போர் தண்ணீர். ஃபுளோரைடு குடித்தால்தான் கேடு; அந்த நீரில் ஊறுவதால் எலும்பில் ஏறாது. தொல்லை கொடுப்பது கடினத்தன்மை. சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும். கெய்சரின் காயிலை வருடா வருடம் சுரண்டி எடுத்துக் காட்டும் எலக்ட்ரீஷியன் இதற்குச் சாட்சி. நீர் பீய்ச்சும் துளைகள் நாற்பது இருந்தால் நாற்பதும் அடைக்கும். குளோரின் போட வேண்டும், பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்கிறதா என்று காகிதம் நனைத்துப் பார்க்க வேண்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மொத்த நீரையும் மாற்ற வேண்டும். முன்னாள் வேதியியல் ஆசிரியருக்கு இந்தப் பகுதி தேனாக இனிக்கும். மற்றவர்கள் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டரிடம் பிளீச்சிங் பவுடர் பற்றி விசாரிப்பதோடு விட்டுவிடுவார்கள்.

மின்சாரக் கணக்கை இயற்பியல் ஆசிரியர் பண்டிகைபோலக் கொண்டாடுகிறார். ஆயிரம் லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 40-க்கு ஏற்ற 15,000 கிலோ கலோரி வேண்டும். 860-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17.4 யூனிட். சனிக்கு சனி என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் எட்டு ஊறலுக்கு 139 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டைத் தொட்டியே குடித்துவிட்டு, மேலும் 39 கேட்கும். மூன்று கிலோவாட் ஹீட்டருக்கு இந்த வேலை ஆறு மணி நேரம். காலை பத்து மணிக்கு சுவிட்சைப் போட்டால் மாலை நாலு மணிக்கு நீர் பதமாகும். நடுவில் கரண்ட் போகாவிட்டால். அலுவலக நேரத்தோடு இந்த நேரம் ஒத்துப்போவதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது.

இதற்கிடையே இயற்கை ஓர் ஆட்சேபணை தெரிவிக்கும். பங்குனி முதல் வைகாசி வரை தருமபுரி மொட்டை மாடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் டேங்கின் குழாயை மதியம் திறந்தால் கை பொசுங்கும். அந்த மூன்று மாதம் வெந்நீர் விலையில்லாமல் வருகிறது, யாரும் கேட்காமலே. ஆகவே தொட்டிக்குரிய பருவம் கார்த்திகை முதல் தை வரைதான். இயற்கை வெந்நீருக்கு ஒகேனக்கல்லையும் நம்ப முடியாது. அந்தப் பெயருக்குக் கன்னடத்தில் புகையும் பாறை என்று பொருள். அந்தப் புகை நீர்த்திவலை. கீழே இறங்கினால் தண்ணீர் குளிர்ச்சிதான். உண்மையான வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டுமென்றால், தமிழர் ஊர்களில் பேர்பெற்றது இலங்கைத் திருகோணமலையை அடுத்த கன்னியா. அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெதுவெதுப்பு ஒவ்வொரு அளவு. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே உட்கார இடமில்லை. கோப்பில் இது ‘முன்னுதாரணம்’ என்ற தலைப்பில் இருக்கிறது.

தொட்டியை எங்கே வைப்பது? தரையில் வைத்தால் தெருவே பார்க்கும். மாடியில் வைக்கலாம் என்று தோன்றிய அன்று மேஸ்திரி வரவழைக்கப்படுகிறார். மேஸ்திரி காலால் தளத்தை இரண்டு தட்டு தட்டி, ‘தாங்குமுங்க சார்’ என்கிறார். இவருக்கு அது போதாது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்கிறது. நீர் ஆயிரம் கிலோ, தொட்டி 250, உள்ளே நாலு பேர் 280. மொத்தம் ஒன்றரை டன். இதை இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரில் வைத்தால் சதுர மீட்டருக்கு 380 கிலோவைத் தாண்டும். அனுமதிக்கப்பட்டதைப்போல் இரண்டரை மடங்கு. கீழே சரியாக அந்த இடத்தில் பூஜை அறை.

நாலு பேர் என்ற எண் இன்னொரு கேள்வியை எழுப்பும். அந்த நாலு பேர் யார்? வீட்டில் இருப்பது இருவர். அம்மையார் ஊர் பார்க்கும் மாடியில் தொட்டியில் இறங்கும் எண்ணம் துளியும் இல்லாதவர். மகன் குடும்பம் பொங்கலுக்கு வரும், இரண்டாம் நாள் கிளம்பிவிடும். கணக்குப்படி மிஞ்சுவது சம்பந்தி. சம்பந்தியோடு முழங்காலுக்கு முழங்கால் இடிக்க வெந்நீரில் உட்கார்ந்து என்ன பேசுவது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் விதி இல்லை.

மருத்துவக் கருத்து கோப்பில் தனித் தாளாக உண்டு. வெதுவெதுப்பான நீர் தசையை இளக்கும், மூட்டுக்குச் சற்று நேரம் இதம் தரும். தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்பக் கொடுக்காது. 40 பாகைக்கு மேல் கூடாது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். பிரஷரும் சர்க்கரையும் இல்லாத ஓய்வூதியரைச் சங்கத்தில் தேடிப் பார்த்தார்கள். ஒருவர் கிடைத்தார், அவருக்கு மூட்டு வலியும் இல்லை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியை அறிந்த நண்பர் ஒருவர், ‘கூட்ட வெந்நீர்ல போட்டா நூலாச்சும் வரும். உங்களப் போட்டா என்ன சார் வரும்?’ என்று கேட்டது கோப்பில் பதிவாகவில்லை.

எல்லாவற்றையும்விடச் சிக்கலான விதி எண்ணெய் பற்றியது. வெந்நீர் என்றால் இந்தப் பக்கத்தில் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய், சீயக்காய், அண்டா. ஒகேனக்கல் போனாலும் கற்பாறையில் படுத்து எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, பிறகு அருவியில் நிற்பதுதான் குளியல். தொட்டிக் கையேடோ எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரவும் என்கிறது. குளித்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும் என்ற இந்த விதியை அவர் உரக்கப் படித்தபோது, அடுப்படியிலிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: ‘ஏங்க, குளிச்சாச்சுன்னா அப்பறம் என்னத்துக்குங்க அதுல உக்காரணும்?’

தொழில்நுட்ப அனுமதி, நிதி ஒதுக்கீடு இரண்டும் தம் கையில் இருந்தாலும் நிர்வாக அனுமதி அடுப்படியில் இருக்கிறது என்பதை இந்த வகையினர் நன்கு அறிவார்கள். அந்த அனுமதி கிடைக்காது என்பதும் தெரியும். தெரிந்தும் கோப்பை முடிக்காததற்குக் காரணம் வெளிப்படையானது. முடித்துவிட்டால் காலை பத்து மணிக்கு மேசையில் எதுவும் இருக்காது. முப்பத்தைந்து ஆண்டு பிறருடைய கோப்புகளில் ‘ஆணைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது’ என்று எழுதியவருக்கு, தாமே எழுதி, தாமே பணிந்து அனுப்பி, தாமே திருப்பி அனுப்பக்கூடிய ஒரு கோப்பு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

நடுவில் மாடியில் நூறு லிட்டர் சோலார் ஹீட்டர் ஒன்று வந்துவிடும். அதை அம்மையார், விலைப்புள்ளி ஏதும் கோராமல், ஒரே பகலில் வாங்கிப் பொருத்தியிருப்பார். சனிக்கிழமை காலையில் அந்த நீர் அண்டாவில் நிறைகிறது. முற்றத்து மணைப்பலகையில் உட்கார்ந்து, உச்சியில் எண்ணெய் இறங்க, செம்பு செம்பாக ஊற்றிக்கொள்கிறார். இடுப்பு இளகுகிறது. தலையைத் துவட்டியபின் வெயிலில் நாற்காலி போட்டு, கோப்பை எடுத்து, ‘சோலார் இணைப்பால் மின்செலவு குறைய வாய்ப்பு உண்டு, மறு கணக்கீடு செய்து வைக்கவும்’ என்று எழுதித் தேதியிடுகிறார்.